ஊ மியின் காலமானார்

4 பிப்ரவரி 1967, சனி

உளவு வேலையில் இருப்பவன் டைரி எழுதக் கூடாது என்று எங்கள் ஆபீஸர் தாணுலிங்கம் சார் முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் இந்த நோட்டின் அட்டையில் 'எலுமிச்சைச் சொறிநோய்: குறிப்புகள்' என்று எழுதியிருக்கிறேன். இனி ஒருத்தரும் இதைத் திறக்கமாட்டார்கள்.

எங்கள் ஆபீஸ் வாசலில் 'தாவர நோய்த் தடுப்பு நிலையம்' என்று பலகை தொங்குகிறது. உள்ளே நடப்பது வேறு. பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஐந்து வருடம் ஆகப்போகிறது. அதை அவர்கள் புரட்சி என்கிறார்கள். அந்தப் புரட்சி பெரிய முதலாளிகளின் அரிசி மில்லை எடுத்துக்கொண்டது, சந்தோஷம். என் அப்பா வாடகைக்கு விட்டிருந்த நாலு சைக்கிளையும் எடுத்துக்கொண்டது. கடைக்கு ஒரு நம்பர் போட்டு 'மக்கள் சைக்கிள் நிலையம்' என்று எழுதினார்கள். மக்கள் கணக்கில் அப்பா வரவில்லை போலிருக்கிறது. எங்களைக் கப்பலேற்றி மதராசுக்கு அனுப்பினார்கள். அங்கே முகாமில் 'பர்மாக்காரன்' என்றார்கள். அப்பா முகாமிலேயே போய்ச் சேர்ந்தார். பிறந்த ஊருக்கே திரும்பிவிடலாம் என்று நானும் அக்காவும் ரயிலிலும் லாரியிலும் கால்நடையாகவும் மணிப்பூரின் இந்த மூலை வரை வந்தோம். ஊர் பெயர் மோரே. அந்தப் பக்கத்துக்காரன் உள்ளே விடவில்லை. இந்தப் பக்கத்துக்காரன் திரும்பிப் போ என்கிறான். நடுவில் குடிசை போட்டு உட்கார்ந்திருக்கிறோம், எங்களைப் போலச் சில நூறு தமிழ்க் குடும்பங்கள். நாடு இல்லையே தவிர ஜாதி எல்லோரிடமும் பத்திரமாக இருக்கிறது. கோயில் கமிட்டியில் சேரப் போன என்னிடம் முதலில் அதைத்தான் கேட்டார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

எல்லைத் தூண்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதில் இரண்டு அரசாங்கத்துக்கும் தகராறு. அதனால் எங்கள் ஆபீஸ். பர்மிய மொழி தெரியும், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நான். என் பெயர் இங்கே எண் ஏழு. சனிக்கிழமை மட்டும் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு எல்லைக்கு அப்பால் தாமு சந்தைக்குப் போய், காதில் விழுவதை எழுதித் தர வேண்டும். மற்ற நாட்களில் மற்ற எண்கள் கொண்டுவரும் கிறுக்கலைச் சுத்தப் பிரதி எடுக்க வேண்டும். எண்கள் ஒருவரையொருவர் அறியக் கூடாது என்பது விதி. மற்ற ஆறு எண்களில் ஐந்து என் தெருவில் குடியிருக்கின்றன.

இன்று தாமு போனேன். புதுப் பட்டாளம் வரவில்லை. உப்பு இல்லை. மா த்வே கடையில் கௌஸ்வே நூடுல்ஸ் சாப்பிட்டேன். தேங்காய்ப் பால் திக்காக இருந்தது. முட்டை ஒன்று அதிகம் போட்டாள். இதை ரிப்போர்ட்டில் எழுதவில்லை.

6 பிப்ரவரி, திங்கள்

மலையிலிருந்து ஒருவர் வாடிய ஆரஞ்சுக் கன்று ஒன்றை முதுகில் சுமந்துகொண்டு இரண்டு நாள் நடந்து வந்திருந்தார். பலகையை நம்பிவிட்டார், பாவம். தாணுலிங்கம் சார் கன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வேரை மோந்து, "வேப்பம் புண்ணாக்கு வை" என்றார். சார் நாகர்கோவில்காரர். எந்தச் செடிக்கும் வேப்பம் புண்ணாக்குதான் சொல்வார். இந்த மலையில் வேப்பமரமே இல்லை.

8 பிப்ரவரி, புதன்

எண் மூன்றின் ரிப்போர்ட்டைப் பிரதி எடுத்தேன். எண் மூன்று யார் என்று எனக்குத் தெரியக் கூடாது. எங்கள் தெருத் தையல்காரர் ஆரோக்கியசாமிதான். அவர் ரிப்போர்ட்டில் எப்போதும் இரண்டாவது கிண்ணம் வரும்.

'சனி காலை பத்து மணி. த்வே கடை. கௌஸ்வே ஒரு கிண்ணம். கடைக்காரி பக்கத்துக் கடைக்காரியிடம் சொன்னாள்: "ஊ மியின் இன்னும் வரலை. அவருக்கு முட்டை எடுத்து வச்சிருக்கேன்." யார் இந்த ஊ மியின்? செல்வாக்குள்ள ஆள் என்று தெரிகிறது. இரண்டாவது கிண்ணம்.'

எண் நான்கு: 'தாமு தபாலாபீஸில் வேலை செய்யும் கிழவர், மவுங் மியின் நல்ல பையன், நம்பிக் கடிதம் கொடுக்கலாம் என்று ஒருவரிடம் சொன்னார்.'

எண் ஐந்து: 'வெற்றிலைக் கடைக்காரன் சொல்கிறான்: கோ மியின் எல்லாவற்றையும் விசாரிப்பான், வெற்றிலை மட்டும் வாங்கமாட்டான்.'

மூன்றையும் எழுதி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தேன். பர்மாவில் நான் பிறந்த ஊரான தாத்தோனில் படித்த பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பர்மியப் பெயர் ஒன்றும் வைப்பார்கள். வீட்டில் நான் மாசிலாமணி. பள்ளிக்கூடத்தில் மியின். பர்மாவில் பெயரை மொட்டையாகச் சொல்லமாட்டார்கள். வயதில் சின்னவன் என்றால் முன்னால் மவுங் போடுவார்கள். சமவயது என்றால் கோ. பெரிய மனிதர் என்றால் ஊ. பெண்களில் இளையவள் என்றால் மா, மூத்தவள் என்றால் டோ. ஒரே ஆளை நம்மில் ஒருத்தர் தம்பி மணி என்பார், இன்னொருத்தர் மணியண்ணன் என்பார், வேறொருத்தர் மணி ஐயா என்பார் அல்லவா, அந்த மாதிரி.

ஊ மியின் என்று என்னைக் கூப்பிடுகிறவள் உலகத்தில் ஒருத்திதான். அதுவும் கிண்டலுக்கு.

9 பிப்ரவரி, வியாழன்

சார் என்னைக் கூப்பிட்டு, சுவரில் இருந்த 'ஆரஞ்சு இலைப் பூச்சிகள்' படத்தைத் தூக்கினார். பின்னால் புதிதாக ஒரு சார்ட். கீழே ஒரு கட்டம், நடுவில் ஒரு கட்டம், மேலே ஒரு கட்டம்.

"பாத்தியாடே மாசிலாமணி, மூணு அடுக்கு! கீழ மவுங் மியின், தபால் கொண்டு போறவன். நடுவுல கோ மியின், துப்பு விசாரிக்கவன். மேல ஊ மியின். தலைவன். மூணு பேருக்கும் ஒரே பேரு வச்சிருக்கானுவ. ஏன்?"

"ஏன் சார்?"

"நம்மள கொழப்பத்தான்!"

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் மேல் கட்டத்தைத் தட்டி, "இவன் லேசுப்பட்ட மூளை இல்ல, கேட்டியா" என்றார். பதினைந்து வருடமாக 'ஏய்' என்று கூப்பிடப்பட்டவன் ஒரு நாள் தலைவனானால் உடனே ராஜினாமா செய்துவிட வேண்டுமா? வாயை மூடிக்கொண்டேன்.

11 பிப்ரவரி, சனி

அக்கா ரோடு வேலைக்குக் கல் உடைக்கப் போகும் வழியில் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அது என்னடா, உப்பு வெல கேக்கப் போறவன் எண்ணெய் வச்சு வகிடு எடுத்துட்டுப் போற?"

"அரசாங்க வேலைக்கா. ஒழுங்காப் போகணும்."

"திங்கக்கெழமையும் அரசாங்க வேலதான? அன்னிக்குக் காக்கா கூடு மாதிரி போன?"

அக்காவுக்கு நிர்வாக விஷயங்கள் புரியாது.

மா த்வே கடையில் கூட்டம். "ஊ மியின் அவர்கள் வந்துட்டாங்க, வழி விடுங்க, வழி விடுங்க" என்று கரண்டியால் கிண்ணத்தைத் தட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும். உப்பு இன்னும் வரவில்லை.

12 பிப்ரவரி, ஞாயிறு

துணி துவைத்தேன்.

16 பிப்ரவரி, வியாழன்

சார் ஊ மியினைப் பற்றித் தனி ரிப்போர்ட் கேட்டார். என்ன எழுதுவது? ஆளைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. எழுதினேன்: 'ஊ மியின் ஆழ்ந்த படிப்பாளி. குறைவாகப் பேசுபவர். பணக்காரர்களைக் கண்டால் பிடிக்காது. ஏழைகளுக்கு இரங்குவார். தோற்றம் கம்பீரமானது என்று கேள்வி.'

சார் இரண்டு தடவை படித்துவிட்டு, "நம்ம பக்கம் இப்படி ஒருத்தன் இல்லியேடே" என்று பெருமூச்சு விட்டார். அவருக்கு டீ வாங்கி வரப் போனேன்.

25 பிப்ரவரி, சனி

இந்த வாரம் எனக்குக் கூடுதல் வேலை. எல்லைத் தூண் ஒன்று நகர்ந்திருக்கிறதா என்று பார்த்து வர வேண்டும். போனேன். தூணில் ஒரு எருமை முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. தூண் நம் பக்கமாக ஒரு சாண் சாய்ந்திருக்கிறது. எருமை எந்த நாட்டுடையது என்று தெரியவில்லை. அப்படியே எழுதிவிட்டேன்.

மா த்வே இன்று கிண்டல் பேசவில்லை. காலையில் சிப்பாய்கள் வந்து மலை ஏறுவதற்குச் சுமைகாரர்கள் எத்தனை பேர் கிடைப்பார்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்களாம். நாலு வருடத்துக்கு முன்னால் அவள் அப்பாவையும் அப்படித்தான் சுமை தூக்கக் கூட்டிப் போனார்கள். திரும்பி வரவில்லை. மலையில் இறந்துவிட்டார் என்று கூடப் போனவர் ஒருவர் வந்து சொன்னாராம். உடல் வரவில்லை.

"அழக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க. அழுதா, எதுக்கு அழறேன்னு விசாரிக்க வருவாங்களாம்."

அதைச் சொல்லும்போதும் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இதுவும் புரட்சிதான். பாரம் தூக்குகிறவன் மட்டும் மாறவே மாட்டேன் என்கிறான்.

6 மார்ச், திங்கள்

மோசம்.

இருபத்தோராம் தேதி எல்லைக் கூட்டம் நடக்கிறது. அந்தப் பக்கத்துக் கேப்டனும் எங்கள் சாரும் சந்திப்பார்கள். நம் பக்கத்தில் தலைமறைவாகத் திரிகிற மலைக்காரர்களின் பெயர்களை அவன் தருவான். பதிலுக்கு அவர்கள் பக்கத்தில் ரகசியக் கும்பல் நடத்துகிறவர்களின் பட்டியல் ஒன்றை நாம் தர வேண்டும். வெறும் கையோடு போனால் மரியாதை இல்லையாம். பட்டியலை என்னிடம் கொடுத்துப் பிரதி எடுக்கச் சொன்னார்.

ஒன்று, ஊ மியின். இரண்டு, கோ மியின். மூன்று, மவுங் மியின். அது வரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. நாலாவது: 'டோ த்வே. தாமு சந்தையில் நூடுல்ஸ் கடை. மூவருக்கும் தொடர்பாளர். இவளை விசாரித்தால் ஊ மியின் இருப்பிடம் தெரியவரும்.'

அந்தக் கேப்டனின் ஆட்கள் எப்படி விசாரிப்பார்கள் என்று தாமுவில் குழந்தைக்குக்கூடத் தெரியும். இல்லாத ஒருவன் எங்கே இருக்கிறான் என்று அவளைக் கேட்பார்கள். அவள் என்ன பதில் சொல்ல முடியும்?

இதில் ஆரோக்கியசாமி மேல் தப்பில்லை. அவர் கேட்டதை எழுதினார். கம்பீரம், படிப்பாளி, எல்லாம் என் கை.

7 மார்ச், செவ்வாய்

உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"சார், அந்த மூணு பேரும் ஒரே ஆள்."

"யாருடே?"

"நான்தான் சார். என் பர்மாப் பேர் மியின். மவுங், கோ, ஊ எல்லாம் மரியாதைக்குப் போடறது. சின்னவன்னா மவுங், சமவயசுன்னா கோ, பெரிய மனுசன்னா ஊ."

சார் என்னைத் தலையிலிருந்து ஆரம்பித்து மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தார். செருப்பில் வந்து நின்றார். இடது செருப்பு வாரில் கம்பி கட்டியிருக்கிறேன். மூக்குக் கண்ணாடி கழன்று விழும் அளவுக்குச் சிரித்தார்.

"ஊ-ன்னா பெரிய மனுசன்னு நீதானடே சொன்ன? உனக்கு எவன்டே ஊ போடுவான்?"

"ஒரு பொண்ணு விளையாட்டுக்கு…"

"ஏ, சும்மா கெட. கம்பீரமான ஆளுன்னு நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க. இப்பம் வந்து நான்தான் அவன்னு சொன்னா? பொறாமைப்படாதடே. அவனுக்க ரேஞ்சு வேற, உனக்க ரேஞ்சு வேற."

அவர் குடித்த டீ கிளாஸ் என் கையில் இருந்தது. கழுவி வைக்கப் போனேன்.

ஃபைலில் அவர் எழுதியதையும் நான்தான் பிரதி எடுத்தேன்: 'எண் ஏழுக்கு வேலைப் பளுவால் மனச்சோர்வு. ஒரு நாள் ஓய்வு தரலாம்.'

ஒருவன் பெரியவன் என்று நம்புவதற்கு இவர்களுக்கு ஆளைப் பார்க்கவே வேண்டாம். சின்னவன் என்று நம்புவதற்குச் செருப்பைப் பார்த்தால் போதும்.

8 மார்ச், புதன்

ஓய்வு. ஓய்வாக இல்லை.

9 மார்ச், வியாழன்

யோசித்ததில் ஒன்று தெளிவாகிறது. ஊ மியின் இல்லவே இல்லை என்று சொன்னால் சார் நம்பமாட்டார். இருந்தார், போய்விட்டார் என்றால் நம்பக்கூடும். செத்த தலைவரைத் தேடிக் கண்டுபிடிக்கும்படி எந்தக் கேப்டனிடமும் பட்டியல் கொடுக்க முடியாது.

ஆகவே நான் சாக வேண்டும்.

11 மார்ச், சனி

கூட்டம் குறையும் வரை காத்திருந்தேன். மா த்வே கிண்ணத்தை முன்னால் வைத்து, "ஊ மியின் அவர்களுக்கு இன்னைக்கு என்ன கவலை?" என்றாள்.

"அப்படிக் கூப்பிடாதே. ஊ மியின் சாகணும்."

"எப்போ? கௌஸ்வே சாப்பிட்டுட்டா, சாப்பிடாமலா?"

எல்லாவற்றையும் சொன்னேன். எந்த ஆபீஸில் வேலை செய்கிறேன் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அதைச் சொல்லத்தான் ரொம்பச் சிரமப்பட்டேன். குனிந்துகொண்டே சொன்னேன்.

"அது சந்தை முழுக்கத் தெரியுமே," என்றாள். "உப்பு என்ன விலைன்னு ஒரு காலையில மூணு தடவை கேட்டுட்டு உப்பு வாங்காமப் போறவன் வேற யாரா இருப்பான்? அந்தக் குண்டுத் தையல்காரரும் உங்க ஆளுதானே? பேசறதக் கேக்கறதுக்காக ரெண்டாவது கிண்ணம் வாங்கறாரேன்னு அவருக்காகவே கொஞ்சம் சத்தமாப் பேசுவேன். பாவம், வேலைக்கு வந்தவர்."

பிறகு பட்டியலைப் பற்றிச் சொன்னேன்.

"என் பேரும் இருக்கா?"

"இருக்கு."

"மா த்வேன்னு போட்டிருக்காங்களா?"

"டோ த்வேன்னு."

"கிழவியாக்கிட்டாங்களா! எனக்கு இருபத்திரண்டு வயசு!" சிரித்தாள். அப்புறம் கரண்டி நின்றுவிட்டது. கரண்டி நின்று நான் பார்த்ததே இல்லை. அடுப்பில் தேங்காய்ப் பால் பொங்கி வழிந்தது. நான்தான் இறக்கி வைத்தேன்.

திட்டத்தைச் சொன்னேன். நாளை ஞாயிற்றுக்கிழமை ஊ மியின் காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று என் ரிப்போர்ட். ஆனால் என் வார்த்தை சாருக்குப் போதாது. எண் மூன்று தன் கண்ணால் பார்க்க வேண்டும். இங்கே ஒருவர் இறந்தால் ஏழாம் நாள் பிக்குகளை அழைத்து ஊருக்குச் சோறு போடுவார்கள். அது அடுத்த சனிக்கிழமை, சந்தை நாள். கடை முன்னால் சோறு போட்டால் ஆரோக்கியசாமி வராமல் இருக்கவே மாட்டார்.

அவள் உடனே தலையாட்டவில்லை.

"பொய்க்குப் பிக்குகளைக் கூப்பிட மாட்டேன். பாவம் வரும்."

"சரி. வேற ஏதாவது யோசிக்கலாம்."

"இரு." மேசையைத் துடைத்தாள். சுத்தமாக இருந்த மேசையைத்தான். "அப்பாவுக்கு நான் ஏழாம் நாள் சோறு போடலை. போட விடலை. பிக்குகள்கிட்ட அப்பா பேரைச் சொல்லுவேன். சந்தைக்கு உன் பேரைச் சொல்லுவேன். சோறு உண்மை. சாவும் உண்மை. பேர் மட்டும்தானே ரெண்டு? உங்க ஆளுங்களுக்குத்தான் ஆளுக்கு ரெண்டு பேர் இருக்குமே."

நான் எழுந்து வரும்போது, "கறி என்ன போடட்டும்? செத்தவருக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டாள்.

கோழி என்றேன்.

13 மார்ச், திங்கள்

'தாமு வட்டாரத்தில் மிகுந்த செல்வாக்குடன் விளங்கிய ஊ மியின் ஞாயிறன்று காய்ச்சலால் காலமானார் என்று எல்லை தாண்டி வந்த வியாபாரி ஒருவர் சொன்னார்' என்று எழுதிக் கொடுத்தேன். சார் எழுந்து நின்றுவிட்டார். எதற்கு நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்தார்.

"எதிரிதான். ஆனா மனுசன்" என்றார். பிறகு, "இது உறுதியாகணும்டே. எண் மூணு போய்ப் பாக்கட்டும்" என்றார்.

கோ மியினும் மவுங் மியினும் தலைமைப் பதவிக்குச் சண்டை போட்டதாகவும், கோ மியின் கோபித்துக்கொண்டு மண்டலேக்கே போய்விட்டதாகவும் ஒரு வரி சேர்த்திருந்தேன். அதைப் படித்துத் தலையை ஆட்டினார். "தலைவன் செத்தா கட்சி ஒடையத்தான செய்யும். எல்லா ஊர்லயும் இதானடே."

18 மார்ச், சனி

நான் செத்த ஏழாம் நாள். கறி நன்றாக இருந்தது.

காலையில் ஐந்து பிக்குகள் வந்து ஓதினார்கள். மா த்வே அவர்கள் முன்னால் மண்டியிட்டு, நிலத்தில் சொட்டுச் சொட்டாக நீர் வார்த்து, தாழ்ந்த குரலில் ஒரு பெயரைச் சொன்னாள். அந்தப் பெயர் பிக்குகளுக்கும் எனக்கும் மட்டும்தான் கேட்டது. அழுதாள். இன்று அவளை யாரும் எதற்கு அழுகிறாய் என்று கேட்க முடியாது. சோறு போடுகிற வீட்டில் அழுவது நியாயம்தானே.

பிறகு சந்தைக்குச் சோறு. கோழிக்கறி, சுரைக்காய் சூப், தொட்டுக்கொள்ள ஊறவைத்த தேயிலை. சந்தை முழுவதற்கும் விஷயம் தெரிந்திருந்தது. வெற்றிலைக் கடைக்காரன் என் காதருகில் வந்து, "உன் ஆத்மா சாந்தி அடையட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான். தபாலாபீஸ் கிழவர் மட்டும் அளவுக்கு மீறி அழுதார். புரட்சி வந்ததிலிருந்து தாமு நாடகக் கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் அதில் அவர் நடித்திருக்கிறாராம்.

நான் கைலியும் தலைத்துணியுமாக, கடைக்குப் பின்னால் முதுகைக் காட்டித் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். ஆரோக்கியசாமி வந்தார். மூன்று தட்டுச் சாப்பிட்டார்.

"நல்ல மனுசன்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் அரைகுறைப் பர்மியத்தில் சொல்வது கேட்டது.

"பார்த்திருக்கீங்களா?"

"ஒரு தரம் தூரத்துல. நல்ல ஒசரம்."

மதியம் ஒரு சிப்பாய் வந்தான். எல்லோரும் தட்டையே பார்த்துச் சாப்பிட்டார்கள். யார் செத்தது என்று கேட்டான். தட்டு என் கையில் அப்படியே நின்றது. அவள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "எனக்கு அப்பா" என்றாள் தாழ்ந்த குரலில். சிப்பாய் இன்னும் சின்னப் பையன். தொப்பியைக் கழற்றினான். உட்கார்ந்து சாப்பிட்டான். கொஞ்சம் கறி பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

அவன் போனதும் அடுப்படியிலிருந்து திரும்பி, ஆரோக்கியசாமிக்கு நன்றாகக் காதில் விழும்படி, "மவுங், அந்தக் குண்டானையும் எடுத்துட்டு வா" என்றாள்.

எடுத்தேன். கை நழுவிக் குண்டான் கீழே விழுந்தது. சூடாக இருந்தது என்று எழுத நினைத்தேன். அது கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த காலிக் குண்டான்.

19 மார்ச், ஞாயிறு

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"அக்கா, அங்க ஒரு பொண்ணு ஒரு ஆள மவுங்னு கூப்பிட்டா என்ன அர்த்தம்?"

"ஆளு அவளுக்குத் தம்பி வயசா?"

"இல்ல. ரெண்டு வயசு மூத்தவன்."

கீரைக்கட்டு கீழே போய்விட்டது. "பேரச் சேத்துக் கூப்பிட்டாளா, சேக்காமயா?"

"சேக்காம. வெறும் மவுங்."

அக்கா என்னைப் பார்த்தாள். அவளும் தாத்தோனில் பிறந்து வளர்ந்தவள்தான். எதிர்வீட்டு பர்மாக்காரி தன் புருஷனை வாழ்நாளெல்லாம் அந்த ஒரு சொல்லால்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அடப்பாவி! அந்தப் பக்கமா இந்தப் பக்கமா?"

"எது?"

"குடித்தனம்டா!"

மொழி பற்றிய சந்தேகம்தான் கேட்டேன் என்றேன். கீரையை என்னிடம் தள்ளிவிட்டு, "ஆஞ்சு பழகு" என்றாள்.

20 மார்ச், திங்கள்

எண் மூன்றின் ரிப்போர்ட்: 'ஊ மியின் ஏழாம் நாள் காரியம் சிறப்பாக நடந்தது. ஐந்து பிக்குகள். கூட்டம் இருநூறுக்குக் குறையாது. ராணுவமே மரியாதை செலுத்தியது. கோழிக்கறி, மூன்று தட்டு. கோ மியினைக் காணவில்லை. மவுங் என்று கடைக்காரி அழைத்த ஒருவன் மட்டும் இருந்தான். எச்சில் தட்டுக் கழுவினான். முகம் தெரியவில்லை. குண்டானைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதவன்.'

21 மார்ச், செவ்வாய்

காலையில் கூட்டத்துக்குக் கிளம்புமுன் சார் பட்டியலை எடுத்தார். ஊ மியின் பெயரை அடித்தார். கோ மியின் பெயரை அடித்தார். மவுங் மியினைத் தாண்டி, நாலாவது பெயரில் பேனா நின்றது. நான் ஆரஞ்சு இலைப் பூச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை பூச்சிகள் என்று கேட்டால் இப்போதும் சொல்வேன். பதினொன்று.

"தலைவனே போயாச்சு. இனி இவ யாருக்குத் தொடர்பு?" என்று அந்தப் பெயரையும் அடித்தார். தாளைக் கிழித்து நாலாக மடித்து, ஆடும் மேசைக் காலுக்கு அடியில் செருகினார்.

"கேப்டன்கிட்ட என்ன சார் குடுப்பீங்க?"

"எருமை!" என்றார். "தூணச் சாய்ச்ச எருமை. அவனுக்க எருமையான்னு கேட்டு ஒரு கண்டனக் கடிதம். நீ எழுதுன ரிப்போர்ட்லயே உருப்படியானது அதுதாண்டே."

மாலையில் திரும்பி வந்தார். எருமை விஷயமாக இரண்டு மணி நேரம் பேசினார்களாம். கூட்டுக் குழு போட முடிவாகியிருக்கிறது. சந்தோஷமாக இருந்தார். மியின் ஃபைலைக் கொண்டுவரச் சொல்லி, கடைசிப் பக்கத்தைத் திறந்தார்.

"இந்த மவுங்தான் பாக்கி. அதுல ஏதும் விசேஷம் உண்டாடே?"

"இல்ல சார்."

சிவப்பு மையால் எழுதினார். சுத்தப் பிரதி எடுக்க என்னிடம் நீட்டினார். நிதானமாக, நல்ல கையெழுத்தில், ஒரு எழுத்தும் மாற்றாமல் எடுத்தேன்: 'மவுங். அடிமட்ட ஆள். அந்தப் பெண்ணின் கடையில் எடுபிடி. காலம் முழுக்க அங்கேயே கிடப்பான் என்று தெரிகிறது. கவனிக்கத் தேவையில்லை.'